ரைஸா கொடுக்க மறுத்த எச்சில்

ரைஸா பெத்ரிவ்னா கண்டக்டராக இருந்த இருபத்து நாலு வருஷத்தில், செர்னிகிவ் நகரத்து எட்டாம் நம்பர் டிராலிபஸ்ஸில் ஓசிப் பயணம் போக எவனாலும் முடிந்ததில்லை. தூங்குவதுபோல் நடிப்பவன், நெரிசலில் பின்வாசலில் ஒளிபவன், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைத் தரையில் துப்பிவிட்டு ஜன்னலைப் பார்ப்பவன் என எல்லாரையும் அவளுக்குத் தெரியும். கட்டையான உடம்பு, ஆரஞ்சு நிற மேல்சட்டை, தோளில் தோல்பை. அவள் குரல் கேட்டால் அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர்களே சில்லறையை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

புருஷன் குடியில் போய்ச் சேர்ந்தபோது மகன் டெம்யானுக்கு ஒன்பது வயசு. ஒற்றைப் பிள்ளை. காலை ஷிப்டுக்குப் போகும்போது அவனையும் இழுத்துக்கொண்டு போய் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவாள். அங்கேயே வீட்டுப்பாடம் எழுதினான், அங்கேயே மீசை முளைத்தது. பிறகு எலெக்ட்ரீஷியன் ஆனான், இலோனாவைக் கட்டிக்கொண்டான், அம்மாவின் இரண்டு அறை வீட்டிலேயே குடித்தனம் வைத்தான். ரஷ்யர்கள் ஊரைச் சுற்றி வளைத்திருந்த அந்த மார்ச் மாதம் மூன்று பேரும் நிலவறையில் பனியை உருக்கிக் குடித்தார்கள். அது முடிந்ததும் டெம்யான் பட்டாளத்துக்குப் போனான். போகாதே என்று ரைஸா சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

அரசியல் என்றால் அவளுக்கு ஆகாது. "எவன் ஆண்டா என்ன, என் பஸ்ஸுல ஏறினா டிக்கெட் எடுக்கணும்" என்பதுதான் அவள் கட்சி. ஆனால் அமெரிக்காவில் தேர்தல் முடிவு வந்த அந்த நவம்பர் காலையில் பஸ் முழுக்க அதே பேச்சு.

"முடிஞ்சுது போங்க! வந்தா ஒரே நாள்ல சண்டைய நிறுத்திடுவேன்னு சொன்னாருல்ல, ஜெயிச்சுட்டாரு!" என்றார் பின்சீட்டுக் கிழவர் ஒருவர்.

டிரைவர் ஹராசிம் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தான். பதினைந்து வருஷமாக ரைஸாவோடு அதே வண்டியை ஓட்டுகிறவன். "ஏன் தாத்தா, உங்க மாடியில லிப்டு நின்னு எத்தன வருஷம்? அஞ்சா? அத ஓட்ட வைக்க இங்க ஒருத்தனுக்கும் துப்பு இல்ல. கடல் தாண்டி ஒருத்தர் ஒரே நாள்ல சண்டைய நிறுத்துவாராக்கும்!"

"யோவ், நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்று ரைஸா சீறினாள். "ஒருத்தர் நல்ல வார்த்த சொன்னா உனக்குப் பொறுக்காதே!"

ரைஸா ஒரு அரசியல் பேச்சில் பக்கம் எடுத்ததை அவன் அதுவரை பார்த்ததில்லை. பக்கம் எடுக்கக் காரணம் இருந்தது. டெம்யான் அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதியில் இருந்தான். தினமும் காலை ஏழு மணிக்கு அவளுடைய போனில் ஒரு கூட்டல் குறி வரும். அவ்வளவுதான் செய்தி. போர்முனையில் இருப்பவனுக்குக் கதை எழுத நேரம் கிடையாது. கூட்டல் குறி வந்தால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். ஏழு மணி முதல் அது வரும்வரை ரைஸா யாருக்கும் மீதிச் சில்லறை சரியாகக் கொடுத்ததில்லை.

அன்றைக்கு அவள் பதில் எழுதினாள்: "டெம்யாஷா, ஜனவரி வரைக்கும் தலையக் குனிஞ்சுகிட்டு இரு. அப்புறம் வீட்டுக்கு வந்துடலாம்."

அவன் அதிசயமாக ஒரு வரி அனுப்பினான்: "அம்மா, எங்க பதுங்குகுழி எலிகூட இதையேதான் சொல்லுது."

ஜனவரியில் புதியவர் பதவி ஏற்றார். ரைஸா மகனுடைய அறைக்குப் புது வால்பேப்பர் ஒட்டினாள். நீலக் கோடு போட்டது. "இன்னும் சண்டையே நிக்கல அத்தை, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று இலோனா கேட்டதற்கு, "நின்ன பிறகு கடையில பேப்பர் கிடைக்காதுடி, ஊரே ஒட்டும்" என்றாள். ஒரே நாள் என்ற கெடு போயிற்று, நூறு நாள் என்றார்கள். பிப்ரவரி கடைசியில் அந்த அமெரிக்க மாளிகையில் நம் அதிபரை உட்கார வைத்துக் கேமராக்களுக்கு முன்னால் அதட்டியதை ஊரே பார்த்தது. மறுநாள் பஸ்ஸில் ஒரே அடிதடி. நம்மாள் நன்றி சொல்லியிருக்கணும் என்று பாதிப் பேர், காறித் துப்பிவிட்டு வந்திருக்கணும் என்று மீதிப் பேர். ரைஸா இந்தத் தடவை எந்தப் பக்கமும் எடுக்காமல் டிக்கெட் கிழித்தாள்.

நாலைந்து நாளில் அமெரிக்கா அனுப்பிவந்த ஆயுதமும் நின்றது. வானத்திலிருந்து எதிரியைப் பார்த்துச் சொல்லும் தகவலும் நின்றது. ஒரு வாரம்தான். வாஷிங்டனில் யாரோ ஒருவருக்கு அது ஒரு வாரம். மார்ச் ஏழாம் தேதி காலை ஏழு மணிக்குக் கூட்டல் குறி வந்தது. எட்டாம் தேதி வரவில்லை. அந்த வாரத்தால்தான் அவன் போனான் என்று எந்த அதிகாரியும் எழுதிக் கொடுக்க மாட்டான். அந்த வாரம் இல்லாவிட்டால் பிழைத்திருப்பான் என்றும் யாராலும் சொல்ல முடியாது. பட்டாளத்திலிருந்து வந்த தாளில் இருந்தது ஒரே வார்த்தை: காணவில்லை.

ஏப்ரலில் காவல்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி போன் செய்தாள். காணாமல் போனவரின் ரத்த உறவினர் வந்து டி.என்.ஏ. கொடுக்க வேண்டும், வலி ஒன்றும் இருக்காது, கன்னத்துக்குள் ஒரு பஞ்சைத் தடவி எச்சில் எடுப்பார்கள், ஐந்து நிமிஷ வேலை என்றாள்.

"எதுக்கு?" என்று ரைஸா கேட்டாள்.

"ஒத்துப் பாக்கறதுக்கும்மா."

"எதோட ஒத்துப் பாக்க?"

ரைஸா போனை வைத்துவிட்டாள்.

இலோனா அன்று சமையலறையில் அவளை மடக்கினாள். "அத்தை, உங்களால மட்டுந்தான் முடியும். நான் பொண்டாட்டி, என் ரத்தம் ஒத்துவராது. எங்களுக்குக் குழந்தையும் இல்ல. என்னால முடிஞ்சா அன்னிக்கே ஓடிப்போய்க் குடுத்திருப்பேன்."

"பொணத்தோட ஒத்துப் பாக்கக் கேக்கறா. என் புள்ள பொணமா?"

"கைதியா இருந்தா இருக்கட்டும்! இந்த எச்சில் அவர என்ன பண்ணிடப் போகுது?"

"குடுத்தாலே போச்சுடி. நானே வாயத் தொறந்து 'இந்தா, செத்துட்டான், தேடு'ன்னு சொல்ற மாதிரி. பெத்தவ வாயால அத சொல்ல மாட்டேன்."

ரைஸா ஒருத்திதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில் படித்த டீச்சர்கள், நர்ஸுகள், கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் இந்தப் பஞ்சைக் கண்டு நடுங்கினார்கள். கொடுத்தால் பிள்ளையைச் சாவுப் பட்டியலுக்கு நகர்த்தியதாகிவிடும். கொடுக்காவிட்டால் அவன் எங்கேயோ ஒரு சிறையில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். அதோடு அந்த வசந்தத்தில் புதுப் பேச்சு ஒன்று வேறு. அமெரிக்காக்காரர் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துவிட்டார், கைதிகளை மொத்தத்துக்கு மொத்தமாக மாற்றப் போகிறார்கள் என்று. "பாத்தியா?" என்றாள் ரைஸா. "எல்லாரும் வரப்போறாங்க. இந்த நேரத்துல போய் எச்சில் குடுக்கணுமாம்!"

மே மாதக் கடைசியில் நிஜமாகவே ஆயிரம் பேருக்கு ஆயிரம் பேர் என்று மூன்று நாள் மாற்றினார்கள். விடுதலையானவர்களை ஏற்றிய பஸ்கள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வளாகத்துக்குத்தான் வரும். ரைஸா மூன்று நாளும் லீவு போட்டுவிட்டு டெம்யானின் படத்தைப் பலகையில் ஒட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். அங்கே அவளைப்போல் நூற்றுக்கணக்கில் பெண்கள். பக்கத்தில் நின்றவள் ஷான்னா, பால் பண்ணையில் வேலை பார்ப்பவள், மகன் மரியுபோலில் காணாமல் போய் மூன்று வருஷம். அனுபவசாலி.

"முன்னால போய் நில்லு பெத்ரிவ்னா, கூச்சப்படாத" என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். "இறங்கினதும் சிகரெட்ட நீட்டு. வாங்கறப்ப படத்தப் பாப்பான். என்ன படைப்பிரிவுன்னு சத்தமா சொல்லு. எச்சில் கிச்சில் குடுத்துட்டியா?"

"குடுக்கல."

"அதான் நல்லது. நானும் குடுக்கல. மூணு வருஷமா கேக்கறானுங்க, ஒரு நாளும் குடுக்க மாட்டேன்."

பஸ்கள் வந்தன. மொட்டையடித்த தலை, கொடியைப் போர்த்திய தோள், எலும்பு துருத்திய கழுத்து. பெண்கள் கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு பெயரைக் கத்தினாள். இருபத்து மூன்று வயசு இருக்கும் ஒரு பையன், இடது கை முழங்கையோடு போயிருந்தது, ரைஸாவின் படத்துக்கு முன்னால் நின்றான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இவர... பாத்த மாதிரி இருக்கும்மா" என்றான். "பக்கத்து அறையில. உசிரோடதான் இருந்தாரு."

ரைஸா அவனைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள், பையிலிருந்த வரேனிக் கொழுக்கட்டை அத்தனையையும் அவன் கையில் திணித்தாள். வீட்டுக்கு வந்து இலோனாவை அடுப்படியிலிருந்து இழுத்துச் சுற்றினாள். இரண்டு பெண்களும் அன்று அழுதார்கள், சிரித்தார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஜூனில் வேறு சரக்கு வந்தது. ரஷ்யர்கள் திருப்பி அனுப்பிய நம் வீரர்களின் பிணங்கள், குளிர்பதன ரயில் பெட்டிகளில், ஆயிரக்கணக்கில், மூட்டைகளில் நம்பர் போட்டு. பேச்சுவார்த்தையில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு சொன்னபடி செய்தது அந்தக் கைதி மாற்றமும் இதுவும்தான். அதிகாரி திரும்பவும் போன் செய்தாள். ரைஸா எடுக்கவில்லை.

"அந்தப் பையன் சொன்னது நிஜமா இருக்கட்டும் அத்தை. சாமிகிட்ட தினம் அதத்தான் கேக்கறேன்" என்றாள் இலோனா. "ஆனா இல்லன்னா? அவர் அந்தப் பெட்டியில கிடந்தா? சரி, நீங்க குடுக்க வேணாம். அவரோட பல்பிரஷ்ல பாக்க முடியுமாம். அத மட்டும் குடுங்க."

மறுநாள் குளியலறையில் டெம்யானின் பல்பிரஷ் இல்லை, சீப்பு இல்லை, சவரக்கத்தி இல்லை. அத்தனையையும் ஒரு துணியில் சுருட்டித் தோல்பைக்குள் போட்டுக்கொண்டு ரைஸா வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தப் பை தூங்கும்போதும் தலைமாட்டில்தான். தலையணை உறையை மூன்று தரம் வெந்நீரில் துவைத்தாள். சொந்த மகனின் தடயத்தை ஒரு திருடியைப்போல் துடைத்து எடுத்தாள், பாவி.

ஆகஸ்டில் அமெரிக்கா, ரஷ்யா இரண்டின் பெரிய தலைகளும் வடக்கே பனிப் பிரதேசத்தில் சந்தித்தார்கள். சிவப்புக் கம்பளம், கைகுலுக்கல், கைதட்டல். ஷான்னா பஸ் ஏறி வந்து ரைஸாவின் பக்கத்தில் நின்றுகொண்டே போனில் காட்டினாள். "சிரிக்கிறான் பாரு. சிரிச்சா சண்ட முடியும்." எதுவும் முடியவில்லை. அந்த வாரம் இலோனா பெட்டியைக் கட்டினாள்.

"அம்மா வீட்டுக்குப் போறேன். உங்க மேல கோவமில்ல அத்தை. அந்தப் பையோட ஒரே வீட்டுல என்னால இருக்க முடியல."

அக்டோபரில் ரஷ்யர்கள் மின்நிலையங்களை அடித்தார்கள். பாதி நாள் கரண்ட் இல்லை. டிராலிபஸ் நடுரோட்டில் செத்து நிற்கும், ஆட்கள் இறங்கி நடப்பார்கள். அப்படி நின்றிருந்த ஒரு பகலில், கரண்ட் வரும் என்று காத்திருந்தவர்களில் ஒரு பையன் கடைசி சீட்டிலிருந்து அவளையே பார்த்தான். முகம் தெளிந்திருந்தது, முடி வளர்ந்திருந்தது. சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தியிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"அட, நீயா! எப்படிப்பா இருக்க? உடம்பு தேறிட்டியே!" அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "கொஞ்சம் யோசிச்சு சொல்லு. புருவத்துல ஒரு வெட்டு இருந்துச்சா? பேசினானா? இருமினானா? சின்ன வயசுலேருந்து குளிர்ல இருமுவான்."

பையன் காலைப் பார்த்தான். "அம்மா... நான் யாரையும் பாக்கல."

"என்னது?"

"பதினாறு மாசம் ஒரே அறையில நாங்க நாலு பேருதான். அன்னிக்கு பஸ்ஸ விட்டு இறங்கினதும் முதல்ல ஒரு அம்மா போட்டோவ நீட்டினாங்க. தெரியாதுன்னேன். அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் யாருக்கும் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பதினோரு பேருக்கு பாத்தேன்னு சொன்னேன். உங்கள எட்டாம் நம்பர்ல பாத்துட்டு இவ்வளவு நாள் வேற பஸ்ல போனேன். இன்னிக்கு முடியல. என்னை அடிங்க."

ரைஸா அடிக்கவில்லை. அவள் கையைத் தூக்கியதைக் கண்டு அவன் கண்ணை மூடினான். அவள் அவன் காலரைச் சரி செய்துவிட்டு எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள்.

"கதவத் தொற ஹராசிம்."

"எங்க போற? கரண்ட் வந்தா டிக்கெட் யார் குடுக்கறது?"

"எவனும் எடுக்க வேணாம். ஓசியில போகட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், கையால் கதவைத் தள்ளித் திறந்தான். காவல் நிலையம் வரை நாற்பது நிமிஷம் நடந்தாள். போனில் பேசிய பெண்தான் இருந்தாள். ரைஸா வாயைத் திறந்தாள், பஞ்சு கன்னத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றியது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மூன்று வாரத்தில் விடை வந்துவிட்டது. தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஏதோ புள்ளிகள் போட்டு ஒத்துப்போயிற்று. ஜூன் மாத இரண்டாவது ரயிலிலேயே வந்திருக்கிறான். பெட்டியில் இடமில்லாமல் போனதால், யாரும் கேட்டு வராதவர்களைச் செப்டம்பரில் வேறொரு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நம்பர் போட்டுப் புதைத்திருக்கிறார்கள்.

இலோனாவுக்கு ரைஸாதான் போன் செய்தாள். "ஜூன்லயே வந்துட்டாரு" என்றாள் இலோனா. "ஜூன்லயே நம்மகிட்ட வந்துட்டாரு அத்தை." அவ்வளவுதான் சொன்னாள். கல்லறைக்குக் கிளம்பும்போது வந்து சேர்ந்தாள், வழியெல்லாம் பஸ் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

களிமண் வயல் மாதிரி இருந்தது அந்த இடம். வரிசை வரிசையாகச் சிலுவை, சிலுவையில் பெயருக்குப் பதில் எண். குழி தோண்டுகிற ஆள், அறுபது வயசிருக்கும், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வழி காட்டினான். பெயர்ப் பலகையை ஆணி அடிக்க ஆரம்பித்தான்.

"நீதான் புதைச்சியா?" என்று ரைஸா கேட்டாள்.

"ஆமாம்மா."

"அன்னிக்கு யாரு இருந்தாங்க?"

"நாங்க மூணு பேரு. அப்புறம் பாதிரியார். மழை."

"பாதிரியார் என்ன பேரு சொல்லி ஜெபிச்சாரு?"

ஆள் சுத்தியலைத் தாழ்த்தினான். "பேரு தெரியாதவங்களுக்கு, 'ஆண்டவரே, இவன் பேரு உமக்குத் தெரியும்'னு சொல்லுவாரும்மா."

"அழுதது யாரு?"

"யாரும் இல்லம்மா."

ரைஸா ஈரமண்ணில் முட்டி போட்டாள். "எனக்கும் தெரியும்டா" என்றாள். "உன் பேரு எனக்கும் தெரியும்டா கண்ணு. வாயில வச்சுகிட்டே இருந்தேன், சொல்லாம இருந்துட்டேன்." இலோனா அப்போதுதான் முதல் முறையாக அழுதாள். ஆனால் மாமியாரைத் தொடவில்லை, இரண்டு எட்டுத் தள்ளியே நின்றாள்.

ரைஸாவின் பையில் போன் அடித்தது. நின்றது, திரும்ப அடித்தது. ஷான்னா.

"பெத்ரிவ்னா! நியூஸ் பாத்தியா?" ஷான்னாவுக்கு மூச்சு வாங்கியது. "அமெரிக்காக்காரர் புதுசா சமாதானத் தாள் ஒண்ணு போட்டிருக்காரு! அதுல எழுத்துலயே இருக்காம், கைதிங்க மொத்தத்துக்கு மொத்தம்! ஒருத்தர் பாக்கியில்லாம! கிறிஸ்துமஸுக்குள்ளன்னு பேசிக்கறாங்க. உன் போட்டோ பலகைய எடுத்து வை. இந்தத் தடவ நாம முன்வரிசையில நிக்கணும்."

"ஷான்னா, நான் சொல்றதக் கேளு. நான் கல்லறையில நிக்கறேன். டெம்யான் ஜூன்லயே வந்திருக்கான். நான் குடுக்காததால நம்பரோட புதைச்சிருக்காங்க. நீ நாளைக்கே போய் எச்சில் குடு. உன் கால்ல விழறேன்."

மறுபக்கத்தில் பால் பண்ணை இயந்திரம் இரைந்தது.

"கேக்குதா? நாளைக்கே போடி."

"உன் புள்ள செத்துட்டான்னா" என்றாள் ஷான்னா, குரல் மாறியிருந்தது, "என் புள்ளையும் சாகணுமா?"

"இல்லடி, நான் அதுக்குச் சொல்லல..."

"பொறாம. உன்னால பொறுக்க முடியல. இனிமே எனக்குப் போன் பண்ணாத."

தொடர்பு அறுந்தது. ரைஸா திரும்ப அடித்தாள். ஷான்னா எடுக்கவில்லை.